ஸ்பானிஷ் தெரியாமல் ஸ்பெயினுக்குப் படிக்க வராதீர்கள்: சலமான்காவிலிருந்து ஒரு மாணவி

தோர்மெஸ்கரை எழுதியது:

இந்த மன்றத்தின் வெளிநாட்டுப் படிப்புப் பிரிவில் ஜெர்மனி, கனடா, பிரிட்டன் பற்றி எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. ஸ்பெயினைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் பதில் வருவதில்லை. அண்மையில் அப்படிக் கேட்ட ஒருவருக்கு, "ஏஜெண்ட் எல்லாம் பார்த்துக்கொள்வார், ஆங்கிலமே போதும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் சலமான்கா பல்கலைக்கழகத்தில், ஸ்பானிஷை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான முதுகலைப் படிப்பில் இருக்கிறேன். ஹைதராபாத்தில் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் இளங்கலை முடித்துவிட்டு வந்தவள். மூன்றாண்டுகள் அந்த மொழியை முறையாகப் படித்து வந்த எனக்கே முதல் பருவம் மூச்சு முட்டியது. ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்குபவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை இங்கே கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் தலைப்பை அவ்வளவு அழுத்தமாக வைத்தேன்.

சலமான்கா மாட்ரிட்டுக்கு வடமேற்கே இருக்கிறது. வேகமான ரயில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பல்கலைக்கழகம் 1218இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ நிறுவியது. ஸ்பெயினில் இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் இதுவே மிகப் பழையது. பழைய நகரம் முழுவதும் வில்யமயோர் என்ற பக்கத்து ஊரில் வெட்டிய மணற்கல்லால் கட்டப்பட்டது. மாலை வெயிலில் அந்தக் கல் பொன்னிறமாகும். சுவர்களில் செங்காவி நிறத்தில் 'வீக்தோர்' என்ற முத்திரைகளைப் பார்க்கலாம். டாக்டர் பட்டம் பெற்றவர்களின் பெயரை வெற்றிச் சின்னத்தோடு எழுதும் பழக்கம் அது. முற்காலத்தில் காளையின் இரத்தத்தைக் குழைத்து எழுதினார்களாம்.

பழைய பேராலயத்தில் சாந்தா பார்பரா சிற்றாலயம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் டாக்டர் பட்டத் தேர்வுக்கு முந்தைய இரவை மாணவன் அங்கே தனியாகக் கழிக்க வேண்டும். ஆயர் ஒருவரின் கல்லறைச் சிலையின் பாதங்களில் தன் பாதங்களை வைத்துக்கொண்டு விடிய விடியப் படிப்பானாம். மறுநாள் தேறினால் முன்வாசல் வழியே ஊர்வலம், தோற்றால் வண்டிகள் போகும் பின்வாசல். அந்தச் சிலையின் பாதங்கள் தேய்ந்திருப்பதைப் பார்த்தபோது, இந்த ஊர் படிப்பை எவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டது என்று புரிந்தது.

வகுப்புக்கு வருகிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், 'நீ' என்றே பேசுகிறார்கள். அது பழகிவிடும். கடினமானது கலந்துரையாடல். நம் ஊரில் ஒருவர் முடிக்கும்வரை காத்திருந்து பேசுவது மரியாதை. இங்கே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் தொடங்கிவிடுவார். அவர்கள் கணக்கில் அது அவமரியாதை அல்ல, ஆர்வத்தின் அடையாளம். நம் முறை வரட்டும் என்று காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும். குறுக்கே புகுந்து பேசுவதற்கு இலக்கணம் மட்டும் போதாது, வாக்கியம் நாக்கில் தயாராக இருக்க வேண்டும்.

எனக்கு அந்த நாக்கு வந்தது வகுப்பறையில் அல்ல, வீட்டில். இந்தியர்களோடு தங்க வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று இரண்டு ஸ்பானியப் பெண்களோடு வீடு எடுத்தேன். ஒருத்தி சமோராக்காரி, இன்னொருத்தி எக்ஸ்த்ரமதூராவிலிருந்து வந்தவள். பழைய வீடு. கூடத்தில் ஒரு வட்ட மேசை, தரைவரை தொங்கும் கனத்த துணி, அடியில் சிறிய மின்கணப்பு. 'மேசா கமீல்யா' என்கிறார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி இரவுகளில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். வீடு முழுவதற்கும் வெப்பமூட்டினால் கட்டணம் தாங்காது. ஆகவே மூவரும் துணியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கால்களை உள்ளே நுழைத்துக்கொண்டு, அந்த மேசையைச் சுற்றியே உட்கார்ந்திருப்போம். எழுந்து போகக் குளிர் விடாது. பேசித்தான் ஆக வேண்டும். சமோராக்காரியின் பாட்டி வீட்டு ஆடுகள், எக்ஸ்த்ரமதூராவில் வேலை இல்லாமல் காலியாகும் கிராமங்கள், வாடகை, காதல், தேர்வு எல்லாம் அங்கேதான். நான் தவறாகச் சொன்னால் பேச்சை நிறுத்தாமலேயே சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவார்கள். எந்த ஆசிரியரும் அப்படிக் கற்றுக்கொடுத்ததில்லை.

தமிழர்களுக்கு இந்த மொழி எட்டாத ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினைமுற்றின் விகுதியே யார் செய்தார் என்று காட்டிவிடுவதால், நம்மைப்போலவே எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்பு அப்படியே அங்கும் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் 'த' நம் வாயில் மெலிவதுபோலவே அவர்கள் வாயிலும் மெலிகிறது. கடினம் எங்கே என்றால், 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள், விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்குத் தனி வினைவடிவம். இவற்றைப் புறப்படும் முன்பே தெளிவாகப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரை_அப்பா எழுதியது:

நன்றி அம்மா. பொறுமையாக எழுதியிருக்கிறாய். என் மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மாலையில் ஸ்பானிஷ் வகுப்புக்கும் போகிறாள். ஸ்பெயினில்தான் மேற்படிப்பு என்று பிடிவாதமாக இருக்கிறாள். எங்களுக்கு இரண்டு கவலைகள். பெண் பிள்ளை இரவில் தனியாக வெளியே போய்வர முடியுமா? இரண்டாவது, நாங்கள் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவாள். அங்கே எதைச் சாப்பிடுவாள்?

பார்சலோனா_பாலா எழுதியது:

தலைப்போடு நான் உடன்படவில்லை. பார்சலோனாவில் ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மைப் படிப்பை முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் முடித்தேன். வகுப்பு, தேர்வு, பயிற்சி எல்லாம் ஆங்கிலம். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, அலுவலக மொழியும் ஆங்கிலமே. ஸ்பானிஷ் வராததால் எனக்கு எந்தக் கதவும் மூடவில்லை. மொழி தெரிந்தால் நல்லதுதான். ஆனால் "வராதீர்கள்" என்று சொல்வது, தகுதியுள்ள பலரைப் பயமுறுத்தி அனுப்பிவிடும்.

தோர்மெஸ்கரை எழுதியது:

பாலா அண்ணா, உங்கள் துறையில், உங்கள் நகரத்தில் அது நடக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இங்கே கேட்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருள்காரர்கள் அல்லர். வரலாறு, உயிரியல், கட்டடக்கலை, செவிலியம் என்று கேட்கிறார்கள். பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடங்கள் ஸ்பானிஷில்தான் நடக்கின்றன. பார்சலோனாவின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பல வகுப்புகள் அந்த வட்டாரத்தின் மொழியான கட்டலானில் நடக்கும். சேருவதற்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்றுமொழி எது என்று பல்கலைக்கழகப் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வாழ்க்கை ஆங்கிலத்தில் நடக்காது, அண்ணா. இங்கே ஆங்கிலவழிப் படிப்புக்கு வந்த வட இந்தியத் தோழி ஒருத்திக்குக் காது வலி. மருந்துக்கடையில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். நான் போய்ப் பேசியதும் சரியாகிவிட்டது. படிப்பு முடியும்வரை அவளுக்கு ஒரு ஸ்பானியத் தோழிகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஒரு நாட்டில் வாழ்ந்துவிட்டு அந்த நாட்டு மனிதர் ஒருவரையும் அறியாமல் திரும்புவதற்கு இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

ஐயா, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சலமான்கா மாணவர்களால் வாழும் நகரம். நள்ளிரவிலும் பிளாசா மயோர் என்ற நகரின் மையச் சதுக்கத்தில் தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும் நடமாடுவார்கள். இரவு உணவே ஒன்பது, பத்து மணிக்குத்தான். நான் நூலகத்திலிருந்து இரவு தனியாக நடந்து வருகிறேன். பயந்ததில்லை. மாட்ரிட், பார்சலோனா போன்ற பெரிய ஊர்களில் கைப்பையிலும் கைப்பேசியிலும் கவனம் வேண்டும். அவசரத்துக்கு 112 என்ற எண், நாடு முழுவதும் ஒன்றே.

சாப்பாடு கடையில் கொஞ்சம் சிரமம்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் சூரை மீனையோ பன்றித் தொடைச் சீவலையோ போட்டுக் கொண்டுவருவார்கள். அவர்கள் மனத்தில் இறைச்சி என்பது வேறு. மீன், பன்றித் தொடை, சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பருப்புக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அதில் சோரிசோ கிடக்கும். உங்கள் மகள் முட்டை சாப்பிடுவாள் என்பதால் பிழைத்தாள். தோர்தில்யா என்ற, உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

வீட்டுச் சமையலுக்கு இந்த வட்டாரம் ஒரு வரம். சலமான்காவை ஒட்டிய லா ஆர்முன்யா பகுதியின் பருப்பு ஸ்பெயின் முழுவதும் பெயர் பெற்றது. பெத்ரோசில்யானோ என்ற சிறிய கொண்டைக்கடலையும் இங்கே விளைகிறது. அதில் சுண்டல் செய்தால் நம் ஊர்க் கடலையைவிட மிருதுவாக வருகிறது. மசாலாப் பொருள்களுக்கு மாட்ரிட்டின் லவாபியெஸ் பகுதி. தெற்காசியக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. போகும்போதெல்லாம் புளி, பெருங்காயம், கடுகு என்று மொத்தமாக வாங்கி வந்துவிடுவேன்.

ரொறன்ரோ_குமரன் எழுதியது:

நல்ல இழை. நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவன். பரிமாற்றத் திட்டத்தில், தென் ஸ்பெயினின் அந்தலூசியாப் பகுதியில் உள்ள கிரனாதாவில் ஒரு பருவம் படித்தேன். 1531இல் தொடங்கிய பல்கலைக்கழகம், எராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் குவியும் ஊர். அதுவே ஆபத்து. எராஸ்முஸ் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் இரவு பகல் ஆங்கிலம்தான்.

உச்சரிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. பாடநூல் ஸ்பானிஷ் படித்துவிட்டு அந்தலூசியாவுக்குப் போனால் முதல் வாரம் ஒன்றும் பிடிபடாது. சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' காணாமல் போய்விடும். கிரனாதாப் பக்கம் பன்மையைக் கடைசி உயிரெழுத்தை அகலத் திறந்து காட்டுகிறார்கள். காது அதற்குப் பழகிய பிறகு எந்த நாட்டு ஸ்பானிஷும் எனக்கு விளங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. வீடு தேடும்போது தொலைபேசியில் என் உச்சரிப்பைக் கேட்டதும் "அறை போய்விட்டது" என்றார் ஒரு வீட்டுக்காரர். அரைமணி கழித்து என் வகுப்புத் தோழன், உள்ளூர்க்காரன், அழைத்தபோது அதே அறை காலியாக இருந்தது. எனக்கு அது ஆழமாக வலித்தது. அந்தத் தோழனின் அம்மா விசயத்தைக் கேட்டுத் தன் தெருவிலேயே ஒரு வீட்டைப் பேசி முடித்துக்கொடுத்தார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே கிழமையில் நடந்தவை. நிறம் கறுத்த பிள்ளைகள் இதை அறிந்துகொண்டு போவது நல்லது.

கொயோவாகன் எழுதியது:

ஸ்பானிஷ் என்றாலே ஸ்பெயின் என்று முடித்துவிடாதீர்கள். நான் கட்டடக்கலை மாணவன். மெக்சிகோ நகரில் உனாம் எனப்படும் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்தேன். அதன் வளாகம் 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மைய நூலகத்தின் நான்கு சுவர்களையும் ஹுவான் ஓ'கோர்மன் கற்களால் பதித்த ஓவியம் மூடியிருக்கிறது. வண்ணம் பூசியதல்ல, மெக்சிகோவின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்த கற்களின் இயல்பான நிறங்கள். அந்தச் சுவருக்கு எதிரே புல்வெளியில் உட்கார்ந்து படித்த நாள்களை மறக்கவே முடியாது.

மெக்சிகோவில் படிப்பவர் செப்டம்பர் 19ஐ அறிந்திருக்க வேண்டும். 1985இல் அந்தத் தேதியில் வந்த நிலநடுக்கம் நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் நினைவாக ஆண்டுதோறும் அன்று ஒத்திகை நடக்கும். 2017இல் ஒத்திகை முடிந்த சில மணி நேரத்தில் உண்மையான நிலநடுக்கம் வந்தது. 2022இல் மீண்டும் அதே தேதியில். தெருக் கம்பங்களில் உள்ள ஒலிபெருக்கிகளிலிருந்து எச்சரிக்கை ஒலி எழுந்ததும் எங்கள் வகுப்பு முழுவதும் ஓடாமல், தள்ளாமல், வரிசையாக இறங்கியது. பேராசிரியர் கடைசியாக வந்தார். கட்டடம் படிக்கும் எனக்கு அந்த ஒழுங்கைப் பார்த்துக் கண் கலங்கியது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை தமிழருக்கு ஸ்பெயினைவிட மெக்சிகோவே நெருக்கம். மிளகாய், புளி, அவரை, சோறு எல்லாம் உண்டு. மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தூவித் தெருவில் விற்கிறார்கள், மெரினாவில் நிற்பதுபோல இருக்கும். ஆனால் சைவத்துக்கு அங்கும் எச்சரிக்கை தேவை. அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம்.

புதுமாணவன்_திருச்சி எழுதியது:

அக்கா, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு ஏஜெண்ட் 'ஸ்பெயின் மாஸ்டர்ஸ், பல்கலைக்கழகப் பட்டம் உறுதி' என்று பெரிய தொகை கேட்கிறார். விசாவுக்கு என்ன வேண்டும், அங்கே போனதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியுமா?

தோர்மெஸ்கரை எழுதியது:

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள். அது அரசு அங்கீகரித்த முதுகலைப் பட்டமா, அல்லது பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் தரும் சொந்தச் சான்றிதழா? ஸ்பெயினில் இரண்டுக்கும் 'மாஸ்தெர்' என்றுதான் பெயர். ஆனால் அங்கீகரித்த பட்டம் இருந்தால்தான் பிஎச்.டி.க்குப் போக முடியும். சொந்தச் சான்றிதழ்ப் படிப்பில் மோசம் என்று எதுவும் இல்லை, சில துறைகளில் நல்ல பயிற்சி தருகிறார்கள். தெரிந்து சேர்வது வேறு, ஏமாந்து சேர்வது வேறு. என் வகுப்பில் சேர வேண்டிய ஒரு பெண் ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு வேறு ஊரில் அந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்த அன்றுதான் அவளுக்கு உண்மை தெரிந்தது. அந்த ஏஜெண்டை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

விசாவுக்குச் சேர்க்கைக் கடிதம், முழுக் காப்பீடு, காவல் துறைச் சான்று, மருத்துவச் சான்று, பண ஆதாரம் ஆகியவை வேண்டும். பண ஆதாரம் இப்ரெம் என்ற அரசு அளவுகோலின்படி மாதத்துக்கு 600 யூரோ. காப்பீட்டில், சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நாம் கட்டும் நிபந்தனை இருக்கக் கூடாது. பட்டச் சான்றிதழிலும் காவல் துறைச் சான்றிலும் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான, வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் முத்திரை வாங்கிக்கொள். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்த வேலைகள்தான் நாள்களை இழுப்பவை, ஆகவே முதலில் தொடங்கு.

இங்கே வந்து இறங்கியதும் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம், முகவரிப் பதிவு இல்லாமல் அடுத்த வேலை நகராது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் அயல்நாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காவல் நிலையத்தில் கைரேகை, அதற்கு இணையத்தில் முன்பதிவு. முன்பதிவு நேரம் கிடைப்பது பெரிய ஊர்களில் குதிரைக்கொம்பு, சிறிய ஊர்களில் எளிது. நான் சிறிய ஊர்களைச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கைரேகை எடுக்கும் அதிகாரி உன்னிடம் ஸ்பானிஷில்தான் பேசுவார் என்பதை மறந்துவிடாதே.

கல்விக் கட்டணம் கிரெடிட் கணக்கில் வரும். ஓராண்டு முதுகலைக்கு 60 கிரெடிட். ஒரு பாடத்தில் தோற்று மீண்டும் பதிவு செய்தால் அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கூடும். மதிப்பெண் பத்துக்கு, ஐந்து எடுத்தால் தேர்ச்சி. ஒன்பதைத் தொடுவது இங்கே பெரிய சாதனை. நம் ஊர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை நினைத்துக்கொண்டு மனம் உடைந்துவிடாதே. மாணவர் விசாவில் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், ஆனால் ஸ்பானிஷ் இல்லாமல் கிடைக்கும் வேலைகள் மிகக் குறைவு.

பார்சலோனா_பாலா எழுதியது:

அங்கீகரித்த பட்டம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. புதிதாக வரும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். மொழி பற்றி என் கருத்து மாறவில்லை என்றாலும், மருந்துக்கடை விசயம் யோசிக்க வைத்தது. வீட்டு ஒப்பந்தம் முதல் வங்கிவரை எனக்காகப் பேசியது அலுவலக நண்பன்தான். அவன் இல்லாதிருந்தால் சிரமம்தான்.

மதுரை_அப்பா எழுதியது:

மனம் ஓரளவு தெளிந்தது. கடைசியாக ஒன்று. மகள் எந்த அளவு ஸ்பானிஷ் படித்துவிட்டு வர வேண்டும்? அதற்கு எந்தத் தேர்வு எழுதலாம்? போனவுடன் வீட்டை எப்படிப் பார்ப்பாள்?

தோர்மெஸ்கரை எழுதியது:

ஐயா, ஸ்பானிஷில் நடக்கும் முதுகலைக்குப் பொதுவாக பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் மேல் இடைநிலை) கேட்கிறார்கள், என்னுடையதைப் போன்ற மொழித் துறைப் படிப்புகளுக்கு அதற்கும் மேல். தெலே என்ற ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வை, ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்தித்தூதோ செர்வாந்தெஸ் நடத்துகிறது. டெல்லியில் அதன் மையம் இருக்கிறது. தெலே சான்றிதழ் காலாவதி ஆகாது. சியெலே என்று இணையவழித் தேர்வும் உண்டு. அதை செர்வாந்தெஸ் நிறுவனத்தோடு சலமான்கா, உனாம், புவெனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. அதற்குச் செல்லுபடிக் காலம் ஐந்தாண்டு. உங்கள் மகளுக்குக் கையில் நேரம் இருப்பதால் தெலேயே எழுதட்டும். பேசுவதற்கும் கேட்பதற்கும் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். வாசிப்பு தானாக வந்துவிடும்.

வீட்டை மதுரையிலிருந்தே படம் பார்த்து முன்பணம் அனுப்பிப் பிடிக்க வேண்டாம். அந்த வகை மோசடிகள் இங்கே நடக்கின்றன. முதல் இரண்டு வாரத்துக்கு மாணவர் விடுதியிலோ தங்கும் அறையிலோ இடம் பிடித்துக்கொண்டு, செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்து நேரில் பார்க்கட்டும். அக்டோபர் நெருங்கினால் நல்ல அறைகள் போய்விடும். வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடங்குமா என்று கேட்க வேண்டும், வீட்டில் உள்ளவர்கள் ஸ்பானிஷ் பேசுபவர்களா என்றும் கேட்க வேண்டும். சலமான்காவைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு இங்கேயே தனிமடல் அனுப்பச் சொல்லுங்கள். நான் ஊரில் இருந்தால் அவளோடு சேர்ந்து வீடு பார்க்க வருகிறேன்.